தறி நின்ற கோடு

ஏற்காட்டில் அன்று காலை நான் அனுபவித்த சுகத்தை எந்த ஜமீன்தாரும் அனுபவித்திருக்கமாட்டான். மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் செய்த தொட்டி. அதில் உப்புப் போட்ட வெந்நீர். அதற்குள் என் இரண்டு கால்கள். கையில் தோட்டத்துக் காப்பி, முதுகுக்கு ஒரு சாக்கு மூட்டை. மூன்று நாளாக விட்டுவிட்டுக் கொட்டிய மழை ஓய்ந்து, மலை முழுக்க வெயில். உடம்பில் வலிக்காத இடம் எது என்று தேடினால் காது மடல் மட்டும் கிடைத்தது.

பக்கத்தில் என் நண்பன் முழங்காலுக்குக் கீழே விரல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தான்.

"நேக்கு பத்தொம்பது கடி. நோக்கு எத்தனைடா?"

"முப்பத்தி ரெண்டு."

"பார்த்தியா? அட்டைக்குக்கூட நெசவுக்காரன் ரத்தம்தான் ருசிக்கறது."

"உன் ரத்தத்துல புளியோதரை வாசனை அடிக்குதுப்பா. பெருமாள் பிரசாதம்னு பயந்துக்கினு எறங்கிப் போயிருக்கும்."

அவன் சின்னக் காஞ்சிபுரத்துக் கோயில் வீட்டுப் பிள்ளை. நான் பட்டு நெய்கிற வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் ஆறு வருஷம் ஒரே பெஞ்சு. நாங்கள் தங்கியிருந்தது அவன் சித்தப்பா வீட்டில். அவர் காப்பித் தோட்டத்தில் கணக்கெழுதுகிறவர். அந்த வீட்டில் அவனுக்கு உள்ளே இலை, எனக்கு வாசல் தாழ்வாரத்தில் இலை. முதல் வேளையே அவன் தன் இலையைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டான். அன்று சித்தியின் ரசத்தில் கொஞ்சம் காரம் கூடியிருந்தது.

முந்தின நாள்தான் சேர்வராயன் கோயில் உச்சிக்குப் போனோம். போகும்போது ஒழுங்கான பாதையில்தான் போனோம். குகைக்குள் குனிந்து சாமியைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் மேகம் எங்கள் இடுப்புக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. நான் குதித்தேன், கத்தினேன், தொப்பியைத் தூக்கி எறிந்தேன். அது மேகத்துக்குள் போய்விட்டது. இறங்கும்போது, "ஷார்ட் கட் ஒண்ணு இருக்கு, சித்தப்பா சொல்லியிருக்கார்," என்றான் அவன். சித்தப்பா சொன்னது வேறு மலையில் என்பது பிறகு தெரிந்தது. சோலைக்காட்டுக்குள் மூன்று மணி நேரம் சுற்றினோம். ஒரு காட்டெருமை எங்களைப் பார்த்தது. பார்க்க ஒன்றுமில்லை என்பதுபோல் திரும்பிக்கொண்டது. மழைத் தண்ணீர் பெருகிய ஓடை ஒன்றை ஒரு வேரைப் பிடித்துக்கொண்டு தாண்டும்போது என் கை வழுக்கியது. தண்ணீர் என்னைப் பத்தடி இழுத்துப் போய் ஒரு பாறையில் சாத்தியது. அவன் வேட்டியை அவிழ்த்து வீசி என்னை இழுத்தான். கோவணத்தோடு ஊருக்குள் வந்த கோயில் வீட்டுப் பிள்ளையைப் பார்த்துச் சித்தி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

அந்தப் பாறையில் சாய்ந்து கிடந்த நேரத்தில் எனக்குப் பயமே வரவில்லை. அதுதான் என் நண்பனுக்குக் கோபம். "ஏன்டா சிரிச்சுண்டு கெடந்தே? பைத்தியமா நோக்கு?" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டு வந்தான். சிரித்தேனா என்று எனக்கு நினைவில்லை. அண்ணன் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. திதி முடிந்த நாலாம் நாள் நான் ரயிலேறிவிட்டேன். அந்த ஒரு வருஷமும் நான் வீட்டில் தங்கியதே இல்லை. தென்னேரி ஏரியைக் குறுக்கே நீந்தினேன். தாமலுக்கு வெயிலில் நடந்து போய்த் திரும்பினேன். எங்கேயாவது போய் எதையாவது செய்து உடம்பைச் சோரவைத்தால்தான் தூக்கம் வந்தது. தறி இருக்கும் கூடத்துக்குள் மட்டும் நான் கால் வைப்பதில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டிலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள். தபாலாபீஸ் குமாஸ்தாவின் மனைவி. ஏழு மாத வயிறு. இரண்டு வீட்டுக்கும் தாழ்வாரம் ஒன்றுதான். நடுவில் இடுப்பளவு மூங்கில் தட்டி. தாழ்வாரத்தின் அந்தப் பக்கம் கட்டியிருந்த கொடியில் அவள் ஒரு பட்டுச் சேலையை இரண்டாக மடித்துப் போட்டாள். மலைக் குளிரில் பெட்டிக்குள்ளேயே இருந்தால் பட்டில் பூஞ்சை பூத்துவிடும். வெயில் வந்த நாளெல்லாம் நிழலில் காற்றாட விடுவார்கள் என்று நண்பனின் சித்தி முதல் நாளே சொல்லியிருந்தாள்.

மாம்பழ மஞ்சள் உடல். அரக்குக் கரை. நெசவுக்காரன் வீட்டில் பிறந்தவன் எந்தப் பட்டைக் கண்டாலும் முதலில் கரையைத்தான் பார்ப்பான். நானும் சோம்பலாகப் பார்த்தேன். உடலும் கரையும் சேர்கிற இடம் நல்ல கோர்வை என்று நினைத்தேன். வெயில் அந்தப் பக்கமிருந்து வந்ததால் பட்டுக்குள் வெளிச்சம் நின்றது. அந்த வெளிச்சத்தில், சேலையின் நடுவில், கரைக்குக் கரை, ஒரு கோடு ஓடியது. தலைமுடி கனம்தான் இருக்கும்.

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன்.

நெசவு தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். தறியில் பாவு, அதாவது நீளவாட்டு இழைகள், முறுக்காக இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். நெய்கிறவன் தறியை விட்டு எழுந்து போகும்போது பாவுக் கயிற்றைத் தளர்த்திவிட்டுப் போகவேண்டும். ஒருவேளைச் சாப்பாட்டுக்கு எழுந்தால் பரவாயில்லை. அமாவாசை விடுமுறைக்கோ, கலியாணத்துக்கோ எழுந்தால் தளர்த்தியே தீரவேண்டும். இல்லாவிட்டால் நெய்து நிறுத்திய இடத்தில் துணி இழுபட்டு, மறுபடி நெய்யத் தொடங்கும்போது அங்கே ஒரு கோடு விழும். அதற்கு மருந்து கிடையாது. எத்தனை தோய்த்தாலும் போகாது.

எங்கள் வீட்டில் கோர்வைச் சேலைக்கு அண்ணனும் நானும் உட்காருவோம். குறுக்கு இழையை ஓட்டும் நாடா மூன்று. உடலின் நாடாவும் இடக்கரை நாடாவும் அவன் கையில். வலக்கரை நாடா என் கையில். அவன் என்னைவிட ஆறு வயது மூத்தவன். என்னைப் படிக்க வைத்தவன் அவன்தான். காலையில் இரண்டு மணி நேரம் நெய்துவிட்டு நான் பள்ளிக்கூடம் ஓடுவேன். படிப்பு முடிந்த பிறகு வாசகசாலைக்கு ஓடினேன். ஓடுவதுதான் என் வேலை. "டேய், நாடா போட்டுட்டு ஓடு, நாடாவோட ஓடிடாத," என்பான்.

அன்று காலை அவனுக்கு உடம்பு கொதித்தது. பத்து மணி வாக்கில் நடுக்கம் வந்து எழுந்துவிட்டான். "நான் போயிப் படுக்கிறேன். நீ கயித்தை எறக்கி வுட்டுட்டுப் போடா," என்றான். "சரி," என்றேன். சொல்லிவிட்டு ஓடினேன். இமயமலை ஏறப் போன வெள்ளைக்காரர்களின் படங்கள் போட்ட பத்திரிகை வாசகசாலைக்கு வந்திருப்பதாக என் நண்பன் முந்தின நாள் சொல்லியிருந்தான். பனிக்குள் கயிறு கட்டிக்கொண்டு ஒருவன் பின் ஒருவனாக அவர்கள் நடப்பதை இரண்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பாவுக் கயிறு என் நினைவிலேயே இல்லை.

மூன்றாம் நாள் அண்ணன் போய்விட்டான்.

பதினாறு நாள் தறி முறுக்கோடு நின்றது. அதற்கப்புறம் அப்பா அந்தச் சேலையை முடித்தார். வலக்கரைக்கு என் சித்தப்பா வந்து உட்கார்ந்தார். நான் மாட்டேன் என்றுவிட்டேன். அறுத்து எடுத்த அன்று அப்பா அதை விரித்துப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. சாவு விழுந்த தறியில் இருந்த சேலையை எங்கள் தெருவில் கலியாணத்துக்கு விற்கமாட்டார்கள். அம்மன் கோயிலுக்குக் கொடுத்துவிடுவார்கள். அப்பா அதைத்தான் சொன்னார். அம்மா சேலையை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் ரெண்டு நாளு இருக்கட்டுமே," என்றாள்.

எனக்கு எங்கிருந்தோ வந்தது ஆத்திரம். கூட்டங்களில் கேட்டது, பத்திரிகையில் படித்தது எல்லாம் வாயில் வந்து நின்றது. "எந்தக் காலத்துல இருக்கீங்க எல்லாரும்? சேலை சேலைதான். பட்டுக்குத் தெரியுமா யாரு செத்தாங்கன்னு? மூடநம்பிக்கை!" என்று கத்தினேன். அம்மா மடியிலிருந்து அதை எடுத்து நானே கடைவீதிக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் கோட்டைக் கவனித்தார். சேலத்து வியாபாரி ஒருவருக்குப் போகும் மூட்டையில் போட்டுவிடலாம் என்றார். பெரிய சீர்திருத்தம் செய்துவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

நாலைந்து நாள் கழித்து எதையோ தேடி அம்மாவின் பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு துவைத்த வேட்டி விரித்திருந்தது. அண்ணனுடையது. அதன்மேல் காய்ந்த வேப்பிலை பரப்பி, நடுவில் ஒரு சேலை அகலத்துக்கு இடம் விட்டிருந்தது.

"எதுக்கும்மா இது?"

"இப்ப எதுக்கும் இல்லப்பா," என்றாள் அம்மா.

அவளுக்கு அம்மனும் தெரியவில்லை, கலியாணமும் தெரியவில்லை. மகன் கை பட்டது ஒன்று வீட்டில் இருக்கட்டும் என்று நினைத்திருக்கிறாள். நான் அதற்கு மூடநம்பிக்கை என்று பெயர் வைத்தேன். அன்றே கடைக்கு ஓடினேன். மூட்டை போய்விட்டிருந்தது.

இப்போது அது கொடியில் இருந்தது. இல்லை, அதுவாக இருக்கவேண்டியதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மஞ்சளும் அரக்கும் எத்தனை வீட்டில் நெய்கிறார்கள்! சேலம் ரயிலடியிலேயே மஞ்சள் பட்டாகக் கண்ணில் பட்டதையெல்லாம் உற்றுப் பார்த்து ஒரு செட்டியார் அம்மாளிடம் முறைப்பு வாங்கியிருந்தேன். ஆனால் அண்ணனுக்கு ஒரு பழக்கம் உண்டு. சேலை தொடங்கும்போது, உள்ளே போய்ச் சொருகப்படும் அந்த முனையில், ஒரே ஒரு பச்சை இழையை ஓட்டிவிட்டுத்தான் ஆரம்பிப்பான். மற்றவர்கள் பிள்ளையார் சுழி போடுகிற மாதிரி. காற்று ஒரு முறை நன்றாக வீசியது. சேலையின் அடி ஓரம் புரண்டது. பச்சை இழை தெரிந்தது.

நண்பனிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேனோ தெரியாது. அவன் விளையாட்டெல்லாம் போய், "கேட்டுடு," என்றான். "நிஜத்தைச் சொல்லிக் கேட்டுடு. அம்மாவுக்குன்னு கேட்டா தரமாட்டாளா? ஒண்ணும் வேண்டாம், இதைவிட ஒசத்தியா வேறொண்ணு நெய்து தரேன்னு சொல்லு."

"யாரு நெய்யிறது?"

"நீதான். வேற யாரு?"

அதற்கும் சரியென்றேன். அந்தக் கணத்தில் தறியில் உட்காருவதுகூட எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. மனசுக்குள் நிறமெல்லாம் தேர்ந்தெடுத்துவிட்டேன். அதை எடுத்துப் போய் அம்மாவின் பெட்டியில், அந்த இடத்தில் வைப்பதை ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். தொட்டியிலிருந்து காலை எடுத்துத் துடைத்துக்கொண்டு தட்டியருகே போனேன்.

அந்தப் பெண் சேலையைத் திருப்பிப் போட வந்தாள். என்னைப் பார்த்ததும் அவளாகவே கேட்டாள்: "நீங்க காஞ்சிபுரமாமே? இந்த வீட்டு அக்கா சொன்னாங்க. பட்டு நெய்யிறவங்களாமே?"

"ஆமாங்க."

"அப்போ நீங்களே சொல்லிடுங்க. இது என் கலியாணப் பொடவை. எங்க மாமியார் கலியாணம் ஆன நாள்லேருந்து இதுல கோடு இருக்குது, கடைக்காரன் ஏமாத்திட்டான்னு சொல்லிச் சொல்லியே..."

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது: "கோடு இருக்குதுன்னா இருக்குதுன்னுதான சொல்லுவாங்க? பொடவை எடுக்கப் போன உங்கப்பாருக்குக் கண்ணாடி போட்டு அனுப்பியிருக்கோணும்!"

"கேட்டீங்களா?" என்று அவள் சிரித்தாள். "அடுத்த வாரம் வளைகாப்பு. எங்கம்மா வர்றாங்க. இதைத்தான் கட்டிக்கப் போறேன். இது குத்தமா, இல்லையா, சொல்லுங்க."

தட்டிக்கு மேலாகச் சேலையின் ஒரு பக்கத்தை என் கையில் கொடுத்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அதைத் தொட்டேன். கோட்டுக்கு ஒரு பக்கம் இழையை நெருக்கி அடித்த அடி. அண்ணனுடைய அடி, கடைசி ஒரு சாண் மட்டும் கொஞ்சம் தளர்ந்திருந்தது. அன்று காலைக் காய்ச்சல் அது. அதன் ஓரத்தில் என் கரை. கோட்டுக்கு மறுபக்கம் அப்பா. விரலை அந்தக் கோட்டின் மேல் வைத்துக்கொண்டேன். நான் கயிற்றைத் தளர்த்திவிட்டு ஓடியிருந்தால் இந்தக் கோடு இருந்திருக்காது. அவன் கை எங்கே நின்றது என்று யாருக்குமே தெரிந்திருக்காது.

"குத்தம் இல்லைங்க," என்றேன். "தறி கொஞ்ச நாள் நின்னுபோனா இப்படி ஒரு கோடு விழும். அவ்வளவுதான். பட்டுக்கு ஒண்ணும் ஆகாது."

"ஏன் நின்னுச்சாம்?"

இதோ, கேட்டுவிட்டாள். வாசல் திறந்தே இருந்தது. நான் சொல்லவேண்டியது ஒரே ஒரு வாக்கியம். என் நண்பன் பின்னால் இருமினான். பட்டுக்குத் தெரியுமா யார் செத்தார்கள் என்று, எங்கள் வீட்டுக் கூடத்தில் நின்று எத்தனை உரக்கக் கேட்டேன்! அந்த நம்பிக்கை என்னிடம் அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. ஆனால் அவள் ஒரு கையைச் சேலையிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்துக்கொண்டு நின்றாள். நான் சொன்னால் அவள் மறுபேச்சில்லாமல் கொடுத்துவிடுவாள், தொடவே பயந்து கொடுத்துவிடுவாள் என்று தெரிந்தது. தெரிந்ததுதான் வினை.

"நெய்யிறவர் ஊருக்குப் போயிருப்பாருங்க," என்றேன்.

"அட! தறியை அப்படியே போட்டுட்டா?"

"அவசரமாப் போயிருப்பாரு."

"அப்புறம் வந்து நெய்தாராக்கும்?"

"வந்து நெய்தாருங்க."

அவள் உள்ளே திரும்பி, "கேட்டுக்கங்க அத்தை! குத்தம் இல்லையாம், காஞ்சிபுரத்துக்காரரே சொல்லிட்டாரு. நெய்யிற ஆளு ஊருக்குப் போயிட்டு வந்தாராம்!" என்று கத்தினாள். "எங்க வூட்டுக்காரர் மாதிரி. தபால் பையைப் போட்டுட்டு அவரும் இப்படித்தான் எங்கியாச்சும் போயிடுவாரு." சேலையை என் கையிலிருந்து வாங்கி, மறுபக்கம் திருப்பிப் போட்டாள். ஒரு தட்டில் ஆரஞ்சுப் பழம் நாலு கொண்டுவந்து தட்டிமேல் வைத்துவிட்டுப் போனாள்.

நான் திரும்பி வந்து மறுபடி காலைத் தொட்டியில் வைத்தேன். தண்ணீர் ஆறிப்போயிருந்தது. நண்பன் ஒரு ஆரஞ்சை உரித்து, பாதியை என்னிடம் நீட்டினான். "நானா இருந்தாலும் கேட்டிருக்கமாட்டேன்டா," என்றான். அவனாக இருந்தால் கேட்டிருப்பான். அது எங்கள் இருவருக்கும் தெரியும்.

வெயில் போகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். ஏரிப் பக்கம் போகலாம், வா என்றான், வரவில்லை என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு இடத்தை விட்டு எழ மனமில்லாமல் ஒரு முழு நாள் இருந்தேன். சாயங்காலம் அவள் சேலையை மடித்தாள். கோட்டின் மேல் மடிப்பு விழாமல் பார்த்து மடித்தாள். உள்ளே கொண்டுபோய்விட்டாள். அடுத்த நாள் மழை. அதற்கடுத்த நாள் நாங்கள் இறங்கிவிட்டோம்.

வீட்டுக்கு வந்து மூன்று நாள் அம்மாவிடம் சொல்லவில்லை. மலையைப் பற்றித்தான் சொன்னேன்: குகை, மேகம், காட்டெருமை. ஓடையில் விழுந்ததை மறைத்தேன். அம்மா இழை சுற்றிக்கொண்டே கேட்டாள். நான்காம் நாள், அவள் தனியாக இருந்தபோது, "அந்தச் சேலையைப் பாத்தேம்மா," என்றேன்.

எந்தச் சேலை என்று அவள் கேட்கவில்லை. ராட்டினத்திலிருந்து கையை எடுத்தாள்.

"யாருகிட்ட இருக்குது?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"பூஞ்சை கீஞ்சை பிடிக்காம வெச்சிக்கினு இருக்காளா?"

"நல்லா வெச்சிருக்காம்மா. வெயில் வந்தா காத்தாட வுடுறா."

"கோடு? கட்டினா வெளிய தெரியுமா?"

"கொசுவத்துக்குள்ள போயிடும்."

அம்மா கணக்குப் போடுவதுபோல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் நெசவுக்காரி மகள்தான். "அப்போ உள்ள சொருவுறது, இடுப்பைச் சுத்தி வர்றது உங்கண்ணன் நெய்தது. தோள்ல போடுறதுதான் உங்கப்பாது," என்றாள். "வளைகாப்பு எப்போன்ன?"

"நாளைக்கு இருக்கும்மா."

"நாளைக்கு அந்தப் பொண்ணு வயித்தைச் சுத்திக்கினு இருப்பான்," என்றாள். அவள் முகம் மாறவில்லை. அதைப் பார்க்க எனக்குத்தான் முடியவில்லை. பிறகு கேட்டாள்: "கோடு ஏன் வுழுந்துச்சுன்னு கேட்டாளா?"

"கேட்டா. நெய்யிறவர் ஊருக்குப் போயிருப்பாருன்னு சொன்னேன்."

"திரும்பி வந்தாரான்னு கேட்டாளா?"

"கேட்டா."

"நீ என்னா சொன்ன?"

"வந்தாருன்னு சொன்னேம்மா."

அந்த ஒரு வருஷத்தில் அம்மா என் எதிரே அழுததில்லை. அன்று அழுதாள். சத்தம் வராமல், இழை நனையாமல் ராட்டினத்தை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு அழுதாள். நான் கூடத்துக்குள் போய் நின்றேன். அப்பா சாப்பாட்டுக்கு எழுந்து போயிருந்தார். பாவு முறுக்காக நின்றது. ஒருவேளைச் சாப்பாட்டுக்குத் தளர்த்த வேண்டியதில்லை. அவர் திரும்பி வரும்வரை அந்தக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றிருந்தேன்.